கதவுக் கண்ணாடியில் டெரிக்கின் பெயர்

டெரிக் சடபியின் கைபேசி சமையலறை ஜன்னல் விளிம்பில், தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில், எப்போதும் சார்ஜில் கிடக்கும். அந்த வெள்ளிக்கிழமை காலை லோர்னா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அது இரண்டு முறை அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். வாடகை வீட்டின் கீழ்த்தள அறையில் இருக்கும் டனூட்டா அனுப்பியிருந்தாள்.

“டெரிக், நேத்து அலாரத்தைச் சோதிச்சுப் பாத்ததுக்கு நன்றி. ஆனா இந்தத் தடவை ‘நான்தான்’னு குரல் குடுக்கலையே? நெஜமாவே தீப்பிடிச்சிடுச்சுன்னு கையில சோப்பு நுரையோட ஓடிவந்தேன்.”

லோர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். டெரிக்கைச் செப்டம்பர் தொடக்கத்தில் தகனம் செய்தாகிவிட்டது. சாம்பல் முன்னறை அலமாரியில் இருந்தது. இப்போது நவம்பர் முடியப் போகிறது.

வெகுநேரம் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மூன்று மாதமாகப் பழகிப்போன விரல் தானாகவே பதில் அடித்தது.

“மன்னிச்சிடு. மறந்துட்டேன். – டெ.”

எப்போதும் ஓர் எழுத்தில்தான் கையெழுத்துப் போடுவார் அவர். அதையும் அவள் விடவில்லை.

இப்படி ஆக வேண்டும் என்று அவள் நினைத்துச் செய்ததில்லை. தகனத்துக்கு மறுநாள் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. “ஹால் விளக்கு போயிடுச்சு, டெரிக்.” அனுப்பியவர் மேல்மாடி கார்ல். பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவர், அந்த வீட்டில் எல்லோரையும்விடப் பழைய ஆள். லோர்னா அழுது வீங்கிய கண்ணோடு, “நாளைக்குப் பாக்குறேன். – டெ.” என்று அடித்தாள். நாற்பது வருடமாக அந்த வீட்டைப் பற்றிய பேச்சு எல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கிறது. வேறு எப்படி முடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் போய் விளக்கை மாற்றிவிட்டு வந்தாள். அதன் பிறகு குழாய் ஒழுகியது, சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் நின்றது, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் அணைந்துபோனது. ஒவ்வொன்றுக்கும் டெரிக் பதில் சொன்னார். வியாழக்கிழமை அலாரத்தைச் சோதிக்க ஏன் வருவதில்லை என்று கேட்டபோது மட்டும், “முட்டி வலி” என்றார்.

ஹல் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்காரர்கள் குடியிருந்த தெருவில் பிறந்தவள் லோர்னா. அப்பா கப்பல் ஏறுகிற நாளில் அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணும் துணி துவைக்கமாட்டாள். துவைத்தால் ஆளையே அலை துவைத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். அவளுடைய பத்தாவது வயதில் அப்பாவின் கப்பல் ஐஸ்லாந்துப் பக்கம் போய்த் திரும்பவில்லை. அவர் கிளம்பிய அன்று காலை, குழந்தை பால் கக்கிய ஒரே ஒரு துண்டை அம்மா அலசிப் போட்டிருந்தாள். சாகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கோட்டைக் கதவுக்குப் பின்னால் இருந்து எடுக்க யாரையும் விட்டதில்லை. லோர்னா அந்த நம்பிக்கைகளை எல்லாம் வெளியில் சிரித்துத் தள்ளுகிறவள்தான். ஆனால் டெரிக்கின் கோட்டும் இப்போது கதவுக்குப் பின்னால் துவைக்காமல் தொங்கியது.

டெரிக்கும் கொஞ்ச காலம் கப்பலில் போனவர். மீன்பிடித் தொழில் படுத்துப்போன பிறகு, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வண்டி வீடுகள் செய்யும் தொழிற்சாலையில் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணத்துக்கு முன்பு அவர் தங்கியிருந்த விடுதி ஒரு மழைக்கால விடியலில் பற்றிக்கொண்டது. வாசல் கதவு உள்ளே பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. டெரிக் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார். பக்கத்து அறை நண்பன் கதவு வரைக்கும்தான் வந்திருந்தான். அப்போது உரிமமும் கிடையாது, விதியும் கிடையாது. ஒரு வீட்டில் எத்தனை பேரை வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம்.

பின்னாளில் அவர் அந்த மூன்று மாடி வீட்டை வாங்கி அறை அறையாக வாடகைக்கு விட்டார். தனித்தனி ஆட்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு நகராட்சியின் உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் மதுக்கடையில் உட்கார்ந்து திட்டினார்கள். டெரிக் ஒருவர்தான், “இப்பவாவது வந்துதே” என்றார். தீயைத் தாங்கும் கனத்த கதவுகளைத் தன் கையாலேயே மாட்டினார். உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திருகித் திறக்கும் பூட்டுகள் போட்டார். ஒவ்வொரு கதவுக்கும் மேலே தானாகச் சாத்திக்கொள்ளும் இரும்புக் கை. ஓர் அறையில் புகை வந்தால் வீடு முழுக்க அலறும்படி அலாரங்களை ஒன்றோடொன்று இணைத்தார்.

“இந்த வீட்டுல கதவு சாத்தறதெல்லாம் பேய் வேலை. நீங்க கை வெக்காதீங்க” என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவார். யாராவது செருப்பை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தால் அந்தச் செருப்பு தெருக் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடிப்படியில் நின்று, துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, காம்பு நுனியால் கூரை அலாரத்தின் பொத்தானை அழுத்துவார். வீடே அலறும். “நான்தான்!” என்று கத்துவார். பிறகு முடிந்ததற்கு அடையாளமாகப் படிக் கைப்பிடியில் மூன்று தட்டு.

லோர்னாவால் எல்லாம் செய்ய முடிந்தது, அதை மட்டும் செய்ய முடியவில்லை. மருத்துவமனையில் டெரிக்கின் கட்டிலருகே இருந்த இயந்திரம் கடைசியில் அப்படித்தான் கத்தியது.

செய்திக்குப் பதில் போட்ட கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தாள். டனூட்டா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, சமையலறையில் முட்டைக்கோஸ் வதக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மிஸஸ் லோர்னா. அவரோட முட்டி தேவலையா?”

“பரவால்ல கண்ணு. நேத்து… அவரைப் பாத்தியா?”

“எங்க பாக்கறது? நான் வர்றதுக்குள்ள போயிட்டார். சத்தம் நின்னுச்சு, மூணு தட்டு கேட்டுச்சு, ஆளைக் காணோம். முட்டி வலிக்காரர் அந்த வேகத்துல இறங்குவாரா? எங்க ஊர்ல எங்க பாட்டனுக்கும் இதே முட்டி வலிதான், வேலை சொன்னா மட்டும் வரும்.”

லோர்னா சிரித்து வைத்தாள். மாடிப்படிக்குக் கீழிருந்த அலமாரியைத் திறந்தாள். துடைப்பம் நார் மேலே, காம்பு கீழே என்று நின்றது. நார் வளையக்கூடாது என்று டெரிக் அப்படித்தான் நிறுத்துவார். லோர்னா எப்போதும் நாரைக் கீழே வைத்துத்தான் சாத்துவாள். போன முறை கூட்டிவிட்டு அப்படித்தான் வைத்தாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மேலே எங்கோ ஒரு கதவு மெல்ல மெல்ல வந்து, தப்பென்று சாத்திக்கொண்டது. அது சாத்திக்கொள்ளும் கதவுதான். ஆனாலும் அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாசலுக்கு உள்ளே இருக்கும் இரண்டாம் கதவின் கண்ணாடியில், பிளாஸ்டிக் உறைக்குள், டெரிக் தடித்த எழுத்தில் எழுதிய தாள் இருந்தது. வீட்டின் பொறுப்பாளர்: டெரிக் சடபி. முகவரி, தொலைபேசி எண். எல்லோர் கண்ணிலும் படும்படி அது இருந்தாக வேண்டும் என்பது உரிமத்தின் விதி. வாராவாரம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது லோர்னா தாளைச் சுற்றி மட்டும் துடைப்பாள். ஈரத்துணி அந்தப் பெயர்மேல் படவே படாது.

அவளுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. டெரிக்கே சொல்லியிருக்கிறார்: “லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்ல. நான் போயிட்டா அதுவும் என்கூட வந்துடும். மூணு மாசம் தவணை குடுப்பாங்க. அதுக்குள்ள நீ உன் பேர்ல கேட்டு வாங்கிடணும். விட்டுட்டேன்னா ஆறு பேரும் நடுத்தெருவுல, பாத்துக்க.” ஆனால் கேட்க வேண்டுமென்றால் முதலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்தத் தாளை எடுக்க வேண்டும். தவணையில் இன்னும் பத்து நாள்கூட மிச்சமில்லை.

அதற்குள் நகராட்சியிலிருந்து அழைப்பே வந்துவிட்டது. மேகன் என்ற பெண், குரலில் அவசரம் இல்லாதவள். வீட்டை ஆய்வு செய்ய வியாழக்கிழமை நாலரைக்கு வருவதாகவும், டெரிக் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். “அவர் வெளிய போயிருக்கார். சொல்லிடறேன்” என்றாள் லோர்னா. அது அவளுடைய வாயிலிருந்து எவ்வளவு இயல்பாக வந்தது என்று ஃபோனை வைத்த பிறகு அவளுக்கே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை நாலரைக்கே இருட்டிவிட்டது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் உப்பும் டீசலும் கலந்து அடித்தது. மேகன் இளம் வயதுக்காரி. தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து, விட்டு, அது தானே வந்து சாத்திக்கொள்ளும்வரை காத்திருந்தாள். மேல்மாடியில் கார்லின் கதவைத் தட்டினாள். கார்ல் திறந்து ஒதுங்கி நின்றார். சரிந்த கூரைக்கு அடியில் சுவரோடு, ஒளிக்கதிரால் நீளம் அளக்கும் கருவியை வைத்து மேகன் அறையை அளந்தாள்.

“கூரை ரொம்பத் தாழ்ந்து வர்ற இடம் அறைக் கணக்குல சேராது. அதைக் கழிச்சாலும் இது தேறுது. உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் கச்சிதமா செஞ்சிருக்கார்” என்றாள், கீழே இறங்கி வரும்போது.

“ஆமா கண்ணு. அவர் அப்படித்தான்.”

மேகன் கண்ணாடிக் கதவிலிருந்த தாளைப் படித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மிஸ்டர் சடபி எப்ப வருவார்? அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும்.”

லோர்னா அலமாரிக் கதவைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

“வியாழக்கிழமைன்னா… அஞ்சு மணிக்கு வருவார்” என்றாள். அதைப் பொய் என்று தெரிந்து சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று பின்னாளில் யோசித்தபோதும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு பேரும் ஹாலில் நின்றார்கள். மேகன் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். லோர்னா வாசலைப் பார்த்தபடி நின்றாள். வாசலில் யாரும் வரவில்லை.

வீடு அலறியது.

கீழ்த்தளம், நடுத்தளம், மேல்மாடி, எல்லா அலாரமும் ஒரே நேரத்தில். மருத்துவமனைக் கட்டில் லோர்னாவின் கண்முன் வந்து போனது. மேலே கதவுகள் திறந்தன, ஒவ்வொன்றாகத் தப், தப் என்று சாத்திக்கொண்டன. டனூட்டா தூக்கக் கலக்கத்தோடு அறையிலிருந்து ஓடிவந்தாள். சத்தம் நின்றது. மேலேயிருந்து கைப்பிடியில் மூன்று தட்டு இறங்கி வந்தது. தட், தட், தட்.

“வந்துட்டார் போலிருக்கே” என்றாள் மேகன், புன்னகையோடு.

லோர்னா படியேறினாள். எழுபது வயதுக் கால் அது என்பதை மறந்து ஏறினாள். நடுத்தளத்தைத் தாண்டியபோது அவளுக்கு அவருடைய வாசனைகூட வந்தது, மரத்தூளும் புகையிலையும். “டெரிக்” என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்டது.

மேல்படியில் கார்ல் நின்றார். கையில் துடைப்பம், காம்பு மேலே. லோர்னாவைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

“நீங்களா? மிஸஸ்… நீங்க கெளம்பிப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“எதுக்கு கார்ல் இப்படிப் பண்ற?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அவர் செத்துட்டாருன்னு உனக்கு…”

சொல்லிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே ஏறிவந்த மேகனும், அவளுக்குப் பின்னால் டனூட்டாவும் நடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“தெரியும்” என்றார் கார்ல் மெதுவாக. “தகனத்துக்கு வந்திருந்தேன். கடைசி வரிசையில நின்னுட்டு முடியறதுக்கு முன்னாடியே போயிட்டேன். மறுநாள் இங்க விளக்கு எரியல. பழக்க தோஷம், டெரிக்குக்கு மெசேஜ் போட்டேன். செத்த மனுஷனுக்குப் போட்டோமேன்னு அப்புறந்தான் உறைச்சுது. சரி, போகட்டும்னு வெச்சிட்டேன். அப்ப பதில் வருது, நாளைக்குப் பாக்குறேன்னு. இந்தப் படியிலதான் உக்காந்தேன் மிஸஸ். எந்திரிக்க முடியல. மறுநாள் வேலை முடிஞ்சு வந்தா விளக்கு எரியுது.”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“அதுக்கப்புறம் நான் எதுவும் போடல. மத்தவங்க போட்டாங்க, பதில் வந்துச்சு. குழாய் சரியாச்சு, கதவு சரியாச்சு. அலாரம் மட்டும் யாரும் தொடல. எனக்குத் தூக்கம் போச்சு. எல்லா வேலையும் பாக்குற பேய் இதை மட்டும் ஏன் விட்டுச்சு? செத்தவங்களுக்குச் சத்தம் ஆகாதோ என்னமோ, நாமளே செஞ்சிடுவோம்னு போன வாரம் எடுத்தேன். அவர் மாதிரி குரல் குடுக்கத்தான் மனசு வரல. அது அவரோடது.”

“பேய்க்கு நன்றி சொல்லி நான் மெசேஜ் போட்டிருக்கேன், மடையா!” என்றாள் டனூட்டா கீழேயிருந்து. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. “அப்போ… மன்னிச்சிடுன்னு எனக்குப் பதில் போட்டது யாரு?”

கார்லும் மேகனும் லோர்னாவைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றாள் அவள்.

சமையலறையில் டனூட்டா தேநீர் போட்டாள். லோர்னாவின் கோப்பையில் கேட்காமலே சர்க்கரையை அள்ளிக் கொட்டினாள். மேகன் இறந்த தேதியைக் கேட்டாள், லோர்னா சொன்னாள்.

“தவணை இன்னும் முடியல. ஆனா இந்த வாரமே நீங்க விண்ணப்பம் போடணும். இல்லேன்னா இது லைசென்ஸ் இல்லாத வீடாயிடும். அப்புறம் நானே நெனச்சாலும் உதவ முடியாது.”

“எனக்குக் குடுப்பாங்களா?”

மேகன் பேனாவை மூடினாள். “நம்பத் தகுந்த ஆளான்னு பாப்போம். இன்னைக்கு என்கிட்ட அவர் அஞ்சு மணிக்கு வருவார்னு சொன்னீங்க. அதை நான் எழுதியாகணும்.”

“எழுது கண்ணு. சொன்னதை எழுது. மேல போய்ச் சொன்னதையும் எழுது.”

“மிஸஸ் சடபி, அந்தத் தாள்ல பேர் எதுக்கு வெக்கச் சொல்றோம் தெரியுமா? புகை வர்றப்போ கூப்பிட்டா, உயிரோட ஒரு ஆள் எடுக்கணும். அவ்வளவுதான்.”

“கூப்பிட்டப்போ எல்லாம் எடுத்தேனே” என்றாள் லோர்னா.

“எடுத்தீங்க” என்றாள் மேகன். “யாருன்னுதான் சொல்லல.”

உரிமம் கிறிஸ்துமஸ் கழிந்து வந்தது. டெரிக்குக்கு ஐந்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். இவளுக்கு ஒரு வருடம்தான், அதன் பிறகு மறுபடியும் பார்ப்பார்களாம். லோர்னா புதுத் தாளில் தன் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். பழைய தாளை உறையிலிருந்து உருவினாள். கிழிக்க மனம் வரவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகவும் பயமாக இருந்தது. புதுத் தாளுக்குப் பின்னால் அதையும் சேர்த்தே செருகிவிட்டாள். பகலில் ஹாலிலிருந்து பார்த்தால், தெரு வெளிச்சம் கண்ணாடி வழியே வரும்போது, அவளுடைய எழுத்துகளுக்கு நடுவே தடித்த எழுத்து நிழல் போலத் தெரிந்தது. இருட்டிய பிறகு அவளுடைய பெயர் மட்டும்தான்.

தாளை மாற்றிய அந்த வியாழக்கிழமை, டெரிக்கின் கைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அணைக்கவில்லை. சார்ஜில்தான் போட்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு அலமாரியிலிருந்து துடைப்பத்தை எடுத்தாள். கார்ல் செய்து தருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றிருந்தாள். நடுப்படியில் நின்று காம்பைத் தூக்கினாள். முதல் இரண்டு முறை பொத்தானைத் தவறவிட்டாள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். வீடு அலறியது. கட்டில் வந்தது, இயந்திரம் வந்தது, அவருடைய கை வந்தது. அவள் அழுத்திப் பிடித்தபடியே நின்றாள். எல்லாக் கதவும் திறந்த சத்தம் கேட்ட பிறகுதான் விட்டாள்.

“நான்தான்!” என்று கத்தினாள். குரல் உடைந்து வந்தது.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மேல்மாடிக் கதவு மட்டும் சாத்திக்கொள்ளவில்லை. கார்ல் அதைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“எந்த நான்?” என்று மேலேயிருந்து கேட்டார். விளையாட்டுக் குரல் இல்லை அது.

லோர்னா படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“லோர்னா” என்றாள். “லோர்னா சடபி.”

மேலே கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. அவள் துடைப்பக் காம்பால் கைப்பிடியில் மூன்று முறை தட்டினாள். கீழே இறங்கி, அதை அலமாரியில், நார் மேலே இருக்கும்படி நிறுத்தினாள்.